போட்டே ஆகவேண்டிய பாட்டு

‘ரவுடி பேபி’ பெரிசா, ‘என்ஜாய் எஞ்சாமி’ பெரிசா? எங்கள் குடும்பத்தில் இந்த வழக்கு வருஷக்கணக்காக இழுத்துக்கொண்டிருக்கிறது. வாதி என் அண்ணன் மகன். பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை, தனுஷை யாராவது ஒரு சொல் சொன்னால் கையை முறுக்கிக்கொண்டு வருவான். பிரதிவாதி என் அக்கா மகள். கும்பகோணத்துப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழ் டீச்சர். குத்தாலம் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊரில் கல்யாணமோ காதுகுத்தோ கருமாதியோ, இரண்டு பேரும் ஒரே பந்தியில் உட்கார்ந்துவிட்டால் போதும். இலையில் சாம்பார் விழுவதற்குள் வழக்கு ஆரம்பித்துவிடும். சித்தப்பா நீங்க சொல்லுங்க என்று ஒருத்தன், மாமா நீங்களே சொல்லுங்க என்று ஒருத்தி. நான் நடுவில் அப்பளத்தைக் கவனிப்பேன்.

இதில் வேடிக்கை என்னவென்றால், இரண்டு பாட்டிலும் பெண் குரல் ஒன்றுதான். தீ. அவருடைய குரலை வைத்துக்கொண்டே அவருடைய இன்னொரு பாட்டைத் தோற்கடிக்கப் பார்க்கிறார்கள்.

அண்ணன் மகனின் வாதம் கணக்கு வாதம். ‘மாரி 2’ வந்தது 2018 டிசம்பரில். அடுத்த மாதம், 2019 ஜனவரி 2-ம் தேதி, ‘ரவுடி பேபி’ வீடியோ யூடியூபுக்கு வந்தது. யுவன் சங்கர் ராஜா இசை, பிரபுதேவா நடனம், சாய் பல்லவியின் கால். 2020 நவம்பர் 16-ல் 100 கோடி பார்வையைத் தொட்டது. தென்னிந்தியப் பாட்டு ஒன்று அந்த எண்ணிக்கையைத் தொட்டது அதுதான் முதல் தடவை. இதோடு அவன் விடமாட்டான். அதே நவம்பர் 16-ம் தேதிதான் 2011-ல் ‘ஒய் திஸ் கொலவெறி டி’ யூடியூபில் வந்த தேதி, ஒன்பது வருஷம் கழித்து அதே நாளில் இந்தச் சாதனை, அதைத் தனுஷே சொல்லி மகிழ்ந்தார் என்பான். ஏதோ குருபூஜை தேதி சொல்வது போல முகத்தை வைத்துக்கொண்டுதான் சொல்வான். “100 கோடி, சித்தப்பா. தமிழ்நாட்டு ஜனத்தொகையை வச்சுப் பார்த்தா தலைக்கு பன்னெண்டு தடவைக்கு மேல வருது.”

அக்கா மகளின் வாதம் வேறு. ‘என்ஜாய் எஞ்சாமி’ 2021 மார்ச்சில் வந்தது. படம் இல்லை, ஹீரோ இல்லை, முதல் நாள் முதல் காட்சி இல்லை. சந்தோஷ் நாராயணன் இசை, அறிவும் தீயும் பாடினார்கள். தமிழ்நாட்டில் பாட்டு என்றாலே சினிமாப் பாட்டு, மிச்சம் இருப்பது சாமி பாட்டு என்று இருந்த ஊரில், சினிமாவோடு ஒட்டு உறவே இல்லாத ஒரு பாட்டு ஊர் ஊராகப் போனது. “உங்க பாட்டை தனுஷ் தூக்கிட்டுப் போனாரு. இந்தப் பாட்டு தானா நடந்து போச்சு” என்பாள்.

என் அண்ணன் இந்தச் சண்டையில் தலையிடமாட்டான். தலையிட்டால் ஒரே வார்த்தைதான்: “ஒருதலை ராகம்.” அதைச் சொல்லிவிட்டு மோர் ஊற்றச் சொல்வான். அவன் பக்கத்திலும் நியாயம் உண்டு. 1980-ல் வந்த அந்தப் படத்தின் பாட்டுகளைப் போட்ட டி. ராஜேந்தர் எங்கள் மாயவரத்துக்காரர். படம் எடுத்ததும் இங்கேதான், மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரியில். பின்னால் எண்பதுகளில் நின்றுபோன மாயவரம்–தரங்கம்பாடி ரயிலும் அதில் வரும். இலங்கை வானொலி எங்கள் பக்கம் திருச்சி வானொலியைவிடத் தெளிவாகக் கேட்ட காலம். நம் ஊர் ரயிலையும் நம் ஊர் கல்லூரியையும் பற்றிய பாட்டு கடலைத் தாண்டிப் போய் அங்கிருந்து திரும்பி நம் வீட்டுத் திண்ணைக்கு வந்தது என்று அண்ணன் சொல்லும்போது அவன் கண் கொஞ்சம் மாறும். அந்த வருஷம் மாயவரத்தில் தாடி வைக்காத பையனே இல்லை என்பான். அவனுடைய பழைய போட்டோவைப் பார்த்தால் அவனளவில் அது உண்மை.

ஆனால் இப்படி ஆளாளுக்கு ஒரு பாட்டைத் தூக்கிக்கொண்டு வந்தால் அளப்பது எதைக் கொண்டு? கேள்வி அங்கேதான் இருக்கிறது.

பார்வை எண்ணிக்கையை நான் ஒரேயடியாகத் தள்ளமாட்டேன். ஆனால் அந்த எண் தலையை எண்ணுவதில்லை, தடவையை எண்ணுகிறது. பத்து லட்சம் பேர் ஆளுக்கு ஆயிரம் தடவை பார்த்தாலும் 100 கோடிதான். அந்த ஆயிரம் தடவை பார்ப்பது யார் என்பதை எங்கள் வீட்டிலேயே பார்த்தேன். என் தம்பி மருமகள் பேரனை இடுப்பில் வைத்துக்கொண்டு, போனைத் தண்ணீர்ச் சொம்பில் சாய்த்து, ‘ரவுடி பேபி’யை ஓடவிட்டு, பருப்புச் சோறு ஊட்டுவாள். சாய் பல்லவி ஆட ஆரம்பித்ததும் பிள்ளை வாயைத் திறக்கும். பாட்டு முடிந்து விளம்பரம் வந்தால் வாய் மூடிக்கொள்ளும். மறுபடி முதலிலிருந்து. ஒரு கிண்ணம் சோறு இறங்க நாலு ரவுடி பேபி. எங்கள் காலத்தில் இந்த வேலையைச் செய்தது நிலா.

இதைச் சொன்னபோது அக்கா மகள் வெற்றிச் சிரிப்பு சிரித்தாள். அண்ணன் மகன் அசரவில்லை. “அதைவிடப் பெரிய தாக்கம் என்ன வேணும் சித்தப்பா? நிலாவையே வேலையை விட்டுத் தூக்கிருக்கு!” அவன் விளையாட்டாகச் சொன்னாலும், எனக்கு அதில்தான் ஒரு நூல் கிடைத்தது. ஒரு பாட்டை எத்தனை பேர் கேட்டார்கள் என்பதை விட்டுவிட்டு, அதற்கு என்ன வேலை கிடைத்தது என்று பார்க்கலாமே.

அதற்கு விடை தெரிந்தவர் எங்கள் ஊரில் ஒருவர்தான். ரேடியோ செட்காரர்.

எழுபதை நெருங்கும் மனிதர். அவர் அப்பா காலத்தில் இசைத்தட்டு, முள், பேட்டரி என்று மாட்டுவண்டியில் ஏற்றிப்போன தொழில். இவர் காலத்தில் கேசட் வந்தது. மாயவரம் ரெக்கார்டிங் சென்டரில் சீட்டு எழுதிக் கொடுத்து, இன்ன பாட்டுக்குப் பின் இன்ன பாட்டு என்று 90 நிமிட கேசட்டில் பதிந்துவருவார். கடைசிப் பாட்டு பாதியில் அறுந்தால் அந்தக் கடைக்காரரோடு ஒரு வாரம் பேசமாட்டார். இப்போது எல்லாம் ஒரு பென்டிரைவில் அடக்கம். அதை மஞ்சள் கயிற்றில் கோத்து, சட்டைப் பையில் போட்டு, பையின் பட்டன் துளையில் கயிற்றின் மறுநுனியைக் கட்டியிருக்கிறார். பழைய கூம்புக் குழாய்களைக் கட்ட போலீஸ் விடுவதில்லை என்பதால் அவையெல்லாம் வீட்டுக் கொல்லைக் கொட்டகையில் கிடக்கின்றன. நாங்கள் போனபோது ஒரு குழாய்க்குள் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. அதைத் தொடாதீர்கள் என்று முதலிலேயே சொல்லிவிட்டார்.

பென்டிரைவில் என்ன இருக்கிறது என்று அவர் மகன் லேப்டாப்பில் போட்டுக் காட்டினான். பாட்டுகள் படவாரியாக இல்லை, இசையமைப்பாளர் வாரியாகவும் இல்லை. கோயில். கல்யாணம். மஞ்சத்தண்ணி. வீட்டுப் பால். காதுகுத்து. டெத். ஆட்டம். கட்சிக்குத் தனித்தனியாக. ஒரு தமிழனின் பிறப்பு முதல் இறப்பு வரை வரிசையாக அடுக்கியிருந்தது. இசை விமர்சகர்கள் எழுதிய வரலாறு எதிலும் நான் இவ்வளவு தெளிவான வகைப்பாட்டைப் பார்த்ததில்லை.

அண்ணன் மகன் கேட்டான்: “தாத்தா, ரவுடி பேபி எத்தனை கல்யாணத்துல போட்டிருப்பீங்க?”

“கேட்டா போடுவேன் தம்பி. கேக்கலன்னா போடமாட்டேன். ஏன் போடலன்னு யாரும் சண்டைக்கு வரப்போறதில்ல.”

“வாராயென் தோழி போடலன்னா?”

“பொண்ணோட பெரியம்மா வந்து ஒயரையே புடுங்கிடும்.”

எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. அவர் வாயில் வந்த அந்த இரண்டு வரியில் மொத்த வழக்கும் இருந்தது. செட்காரர் தன் இஷ்டத்துக்குப் போடலாம், விடலாம் என்றால் அது ஹிட் பாட்டு. அவர் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் போட்டே ஆகவேண்டும் என்றால் அது வேறு சாதிப் பாட்டு. ‘பாசமலர்’ வந்தது 1961-ல். எல்.ஆர். ஈஸ்வரி பாடிய அந்தப் பாட்டு வந்து 60 வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. அந்தப் படத்தைப் பார்த்தே இராத பெண்கள், தங்கள் மகள்களை மேடைக்கு அழைத்துவரும்போது அதைக் கேட்காமல் ஒரு அடி எடுத்துவைக்கமாட்டேன் என்கிறார்கள். பாட்டுக்கு உத்தியோகம் நிரந்தரமாகிவிட்டது.

இப்படி நிரந்தர உத்தியோகம் பார்க்கும் பாட்டுகள் கொஞ்சம்தான். எங்கள் பக்கத்துச் சீர்காழி கோவிந்தராஜனின் ‘விநாயகனே வினை தீர்ப்பவனே’ இல்லாமல் டெல்டாவில் எந்த செட்டும் வாயைத் திறக்காது. அவர் 1988-ல் போய்விட்டார். அவர் குரல் இன்னும் விடியற்காலையில் வேலைக்கு வந்துவிடுகிறது. ‘சகலகலா வல்லவன்’ 1982 ஆகஸ்டில், சுதந்திர தினத்தை ஒட்டி வந்த படம். அதில் எஸ்.பி. பாலசுப்ரமணியம் பாடிய ‘இளமை இதோ இதோ’ ஜனவரி 1-ம் தேதியைத் தன் பெயருக்குப் பட்டா போட்டுக்கொண்டது. இரவு 12 மணிக்கு அந்தப் பாட்டு வராவிட்டால் புது வருஷம் பிறந்ததாக எங்கள் தெருப் பையன்கள் ஒத்துக்கொள்வதில்லை. எத்தனையோ பேர் புத்தாண்டுப் பாட்டு போட்டுப் பார்த்தார்கள், நாற்காலி காலியாகவில்லை.

டெத் என்று இருந்த வரிசையில் முதலாவதாக ‘வீடு வரை உறவு’. ‘பாத காணிக்கை’, 1962, டி.எம். சௌந்தரராஜன். “அந்தப் பாட்டை எடுத்தாத்தான் பக்கத்து ஊருக்குச் சேதி போகும்” என்றார் செட்காரர். குழாய் இருந்த காலத்தில் வயலில் நிற்பவர்கள் அதைக் கேட்டு, திசையைப் பார்த்து, யார் வீடு என்று ஊகித்து, மண்வெட்டியைக் கழுவிக்கொண்டு கரையேறுவார்கள் என்பது எனக்கே நினைவிருக்கிறது. இன்றைக்கு வாட்ஸ்அப்பில் தகவல் முன்னாலேயே வந்துவிடும். ஆனாலும் அந்தப் பாட்டு கேட்டபிறகுதான் மனசு நம்புகிறது.

“இதெல்லாம் பழைய பாட்டு. புதுசுக்கு டைம் குடுங்க” என்றான் அண்ணன் மகன். நியாயம்தான். ஆனால் பழசானால் எல்லாம் வேலைக்குச் சேர்ந்துவிடும் என்பதும் இல்லை. அதே 1961-லும் 1982-லும் வந்த எத்தனையோ பெரிய பாட்டுகள் இன்று யாராவது கேட்டால்தான் வரும்.

அப்புறம் அவர் இன்னொரு வகையைப் பற்றிச் சொன்னார். பென்டிரைவில் இல்லாத வகை. போடவே கூடாத பாட்டு.

திருவிழா சமயத்தில் ஆடல் பாடல் நிகழ்ச்சிக்கு அனுமதி வேண்டி உயர் நீதிமன்றம் வரை போவது நம் ஊர்களில் வழக்கமாகிவிட்டது. அனுமதி தரும்போது நீதிமன்றம் நிபந்தனை போடும். சாதி, மதம், கட்சி இவற்றைத் தொடும் பாட்டு கூடாது என்பது அதில் தவறாமல் இருக்கும். செட்காரர்களுக்கு அந்த உத்தரவை யாரும் படித்துக்காட்ட வேண்டியதில்லை. எந்தப் பாட்டை எந்தத் தெரு முனையில் போட்டால் கல் வரும் என்பது அவர்களுக்குத் தெரியும். 1992-ல் வந்த ‘தேவர் மகன்’ படத்துப் ‘போற்றிப் பாடடி பெண்ணே’ அப்படி ஒன்று. ஒரு தெருவில் அதைப் பெருமையாகப் போடச் சொல்வார்கள். அடுத்த தெருவுக்கு அது சவாலாகக் கேட்கும். “ராஜா சார் பாட்டு, எவ்ளோ நல்லாருக்கு. ஆனா என் பொட்டியில அது கெடையாது. காணாம போச்சுன்னு சொல்லிடுவேன்” என்றார். படம் அடிதடி வேண்டாம் என்று சொன்ன படம். பாட்டுக்குக் கிடைத்த வேலை அதற்கு நேர்மாறானது. படைத்தவர்கள் நினைத்த இடத்தில் பாட்டு உட்காருவதில்லை. தாக்கம் என்பது நல்லதாகத்தான் இருக்க வேண்டும் என்று ரசிகர்கள் ஏன் முடிவு செய்துகொள்கிறார்கள் என்று தெரியவில்லை.

சரி, ‘எஞ்சாமி’ எங்கே வருகிறது?

செட்காரர் உடனே பதில் சொல்லவில்லை. கோழியை ஒருதரம் பார்த்தார். “ஏப்ரல் 14, அம்பேத்கர் பொறந்தநாளுக்கு கீழத்தெருவுக்கு செட்டு கட்டுறேன். அங்க அது போட்டே ஆகணும். ரெண்டு தடவ, மூணு தடவ. பறை அடிக்கிற பசங்க அதுக்குன்னே தனியா அடி வச்சிருக்காங்க.” கொஞ்சம் நிறுத்தினார். “தேரடியில ஒரு தடவ சின்னப் பையன் ஒருத்தன் வந்து கேட்டான். போட்டேன். பக்கத்துல ஒக்காந்திருந்த பெரியவர் ஒருத்தர், வேற பாட்டுப் போடுய்யான்னாரு.”

“ஏனாம்?”

“ஏன்னு அவரும் சொல்லல. நானும் கேக்கல.”

அந்தப் பாட்டில் யாரையும் திட்டி ஒரு வரி கிடையாது. குழந்தைகள் துள்ளிக்கொண்டு பாடும் பாட்டு. ஆனால் உழைத்தவர்களுக்கு நிலம் இல்லாமல் போன கதையைச் சொல்லும் பாட்டு. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்து, பின்னால் இங்கே திரும்பிவந்த தன் பாட்டி வள்ளியம்மாளின் கதையிலிருந்து அதை எழுதியதாக அறிவு சொல்லியிருக்கிறார். அவர் அரக்கோணத்துக்காரர். ஆனால் அந்தக் கதை டெல்டாவில் வந்து இறங்கும்போது வேறு கனம் பிடித்துக்கொள்கிறது. நடவு நட்டவர் ஒருவர், களத்தில் நெல்லை அளந்துகொண்டவர் இன்னொருவர் என்று இருந்த மண் இது. கூலி உயர்வு கேட்டதற்காக 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேரை ஒரே குடிசையில் வைத்து எரித்தார்கள். காலையில் பஸ் ஏறினால் வெண்மணியைப் பார்த்துவிட்டு இருட்டுவதற்குள் எங்கள் ஊருக்குத் திரும்பிவிடலாம். பெரியவர் ‘வேற பாட்டு’ என்று சொன்னதற்கு இதுதான் காரணம் என்று நான் சாதிக்கமாட்டேன். அவருக்குத் தாளம் பிடிக்காமலும் இருந்திருக்கலாம். ஆனால் ‘ரவுடி பேபி’யை எந்தத் தெருவிலும் எந்தப் பெரியவரும் நிறுத்தச் சொன்னதில்லை.

அக்கா மகள் அவள் பள்ளிக்கூடத்தில் நடந்ததைச் சொன்னாள். வீட்டில் பாட்டிமார் பாடும் பாட்டுகளைக் கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள் என்று ஏழாம் வகுப்புக்கு வீட்டுப்பாடம் கொடுத்தாளாம். தாலாட்டு, கும்மி, ஒன்றிரண்டு சாமி பாட்டு வந்தன. எப்போதும் கடைசி வரிசையில் உட்காரும் ஒரு பிள்ளை எழுந்து, “எங்க ஆயா பாடுறது எஞ்சாமி பாட்டுல வருது டீச்சர்” என்றதாம். அந்த ஆயா சாவு வீடுகளில் ஒப்பாரி பாடப் போகிறவர். ஒப்பாரிக்குப் போவதை எந்தப் பிள்ளையும் வகுப்பில் வாய் திறந்து சொன்னதில்லை, மறைத்துத்தான் வைப்பார்கள், அன்றைக்கு அந்தப் பிள்ளை நோட்டை எடுத்து நாலு வரி படித்தும் காட்டியது என்றாள் இவள். அண்ணன் மகன் இதைக் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் போனை நோண்டிக்கொண்டிருந்தான்.

பாட்டு யாருடையது என்று வந்த தகராறையும் இதில் சேர்க்க வேண்டும். 2021 ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா பத்திரிகை இந்தப் பாட்டைக் குறிப்பிட்டு அட்டைப்படம் போட்டபோது அதில் அறிவு இல்லை. இயக்குநர் பா. ரஞ்சித் உட்படப் பலர் கேள்வி கேட்டார்கள். பின்னால் அறிவின் படத்தோடு இன்னொரு அட்டை வந்தது. 2022 ஜூலையில் சென்னை செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் தீயும் கிடாக்குழி மாரியம்மாளும் மேடையில் பாடினார்கள், அங்கேயும் அறிவு இல்லை. மறுபடி பேச்சு. 2024-ல் சந்தோஷ் நாராயணன், இந்தப் பாட்டால் எங்கள் மூன்று பேருக்குமே வருமானம் எதுவும் வரவில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். எழுதியவர், இசைத்தவர், பாடியவர் என்று வழக்கமாக டைட்டில் கார்டோடு முடிந்துபோகும் விஷயத்தை, சலூனில் முடி வெட்டிக்கொண்டிருந்தவர்கள்கூட நியாயம் பேசினார்கள். உழைத்தவருக்குப் பங்கு எங்கே என்று கேட்ட பாட்டுக்கே அந்தக் கேள்வி வந்து சேர்ந்தது. இதில் யார் பக்கம் சரி என்ற பஞ்சாயத்துக்கு நான் போகவில்லை.

நாயனக்காரர்களிடமும் கேட்டுப்பார்த்தேன். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை ஊதிய மண்ணில் பாட்டைப் பற்றிய வழக்கை அவர்களைக் கேட்காமல் முடிக்கக்கூடாது. அவருடைய சீடர் காருகுறிச்சி அருணாசலம் ‘கொஞ்சும் சலங்கை’யில் எஸ். ஜானகியோடு சேர்ந்து வாசித்த ‘சிங்கார வேலனே தேவா’ 1962-ல் வந்தது. அதற்குப் பிறகு அதை வாசிக்கத் தெரியாமல் கல்யாணத்துக்குப் போகமுடியாது என்ற நிலை வந்ததாம். 1968-ல் ‘நலந்தானா’ வந்து அதே வேலையைச் செய்தது. சினிமாப் பாட்டு வந்து வித்வான்களின் பாடத்திட்டத்தையே மாற்றியது. இப்போது எதை வாசிக்கச் சொல்லிச் சீட்டு வருகிறது என்றேன். தெரிந்த தவில்காரர் ஒருவர் நன்றாகச் சொன்னார்: “ரவுடி பேபிக்கு தவில்ல வேலை இருக்கு. நாயனத்துக்கு வேலை இல்ல. எஞ்சாமிக்கு ரெண்டுக்கும் வேலை இருக்கு. ஆனா சீட்டு ரெண்டுக்கும் வரல. வரவேற்புக்கு செண்டை மேளம் சொல்லிடுறாங்களே, எங்களுக்குச் சீட்டு எங்க வரும்?” கேரளத்துச் செண்டை எங்கள் தவில் ஊர்களுக்குள் வந்தது தனிக்கதை. எழுத ஆரம்பித்தால் வயிற்றெரிச்சலில் போய் முடியும். விட்டுவிடுகிறேன்.

‘கொலவெறி’யைப் பற்றி ஒரு வார்த்தை. அண்ணன் மகன் கடைசிச் சீட்டாக அதை இறக்கினான். உலகமே பாடியது என்றான். பாடியது. அந்த வருஷக் குளிர்காலம் முழுக்க டெல்லியிலிருந்தும் துபாயிலிருந்தும் உறவினர்கள் போன் செய்து அதற்கு அர்த்தம் கேட்டார்கள். ஆனால் அடுத்த தீபாவளிக்குள் எங்கள் தெருவிலிருந்து அது காலி செய்துகொண்டு போய்விட்டது. செட்காரரின் பென்டிரைவில் அது இல்லை என்பதைக் கண்ணால் பார்த்தோம். அது மாற்றியது வேறு இடத்தை. படம் வந்தது 2012 மார்ச்சில், பாட்டு நாலு மாதம் முன்பே யூடியூபில். முன்பெல்லாம் ஒரு நாள் விழா வைத்து எல்லாப் பாட்டையும் கேசட்டாக, சி.டி.யாக ஒரே நேரத்தில் விடுவார்கள். இன்றைக்கு ஒவ்வொரு படத்துக்கும் முதல் பாட்டு இத்தனாம் தேதி என்று அறிவிப்பு வந்து, அதற்கும் ஒரு முன்னோட்டம் வந்து, ரசிகர்கள் நகம் கடித்துக் காத்திருக்கிறார்கள் என்றால் அந்தப் பழக்கத்தை ஊர்ப்பழக்கமாக்கியதில் ‘கொலவெறி’க்குப் பெரிய பங்கு உண்டு. அனிருத் என்ற பையனையும் அதுதான் கொண்டுவந்தது. தொழிலை மாற்றிய பாட்டு என்று அதற்கு ஒரு சான்றிதழ் கொடுத்துவிடலாம்.

இவ்வளவுக்கும் பிறகு என் தீர்ப்பு ‘எஞ்சாமி’ பக்கம். ஒரு தெருவில் போட்டே ஆகவேண்டும், இன்னொரு தெருவில் போட்டால் ஒருவர் நெளிகிறார் என்ற நிலைக்கு அது சில வருஷங்களிலேயே வந்துவிட்டது. ‘பாசமலர்’ பாட்டுக்குக்கூட அவ்வளவு வேகத்தில் வேலை கிடைத்திருக்குமா என்று தெரியவில்லை. அண்ணன் மகன் ஒப்புக்கொள்ளவில்லை. “உங்க அளவுகோலே செட்டுக்காரர்தான். செட்டு இல்லாத வீட்டுக்குள்ள என்ன ஓடுதுன்னு அவருக்கு எப்படித் தெரியும்? பிள்ளைக்கு சோறு ஊட்டுற பாட்டு போட்டே ஆகவேண்டிய பாட்டு இல்லையா?” என்றான். இதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. அந்தப் பிள்ளை பெரியவனானதும் தன் பிள்ளைக்கும் அதையே போட்டால் தீர்ப்பைத் திருத்தி எழுதலாம் என்று வாய்தா கொடுத்திருக்கிறேன். அண்ணன் வழக்கம்போல ‘ஒருதலை ராகம்’ என்றான்.

கிளம்பும்போது லேப்டாப்பை மூடப்போன செட்காரர் மகன், “இது ஒண்ணு இருக்கு, பாருங்க” என்றான். ‘இந்திப் பசங்க’ என்று ஒரு வரிசை. மேட்டூர் திறந்து தண்ணீர் வந்துவிட்டால் இப்போது எங்கள் பக்கம் நடவுக்குப் பாதி ஆட்கள் பீகார், மேற்கு வங்கத்திலிருந்து வருகிறார்கள். நடவுப் பாட்டும் குலவையும் கேட்ட வயலில், வரப்பில் வைத்த போனிலிருந்து போஜ்புரிப் பாட்டு கேட்கிறது. அவர்கள் நாற்று நடும் வேகத்துக்கும் அந்தத் தாளத்துக்கும் ஏதோ கணக்கு இருக்கிறது என்று செட்காரர் சந்தேகப்படுகிறார். ஹோலிக்கு அவர்கள் தங்கியிருந்த நெல் களத்தில் செட் கட்டச் சொன்னார்களாம். பாட்டு அவர்களே ஏற்றிக் கொடுத்தார்கள். பெயர் படிக்கத் தெரியாததால் ஒன்று, இரண்டு என்று நம்பர் போட்டு வைத்திருக்கிறார்கள் அப்பாவும் மகனும். மூன்றாம் நம்பரை நிறுத்தினால் மட்டும் சண்டைக்கு வந்துவிடுகிறார்களாம்.